குட்டிக்கு வார்த்த சுடுதண்ணீர்

ஆடு வேண்டாம் என்று நான் ஆயிரம் தரம் சொன்னேன். கேட்டால்தானே? கார்ப் பாகங்கள் செய்கிற ஃபக்டரியில் இருபத்தைந்து வருடத்துக்கு மேலே நின்று உழைத்துவிட்டு ஓய்வுபெற்ற மனுசன், வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு இருக்கலாம், கோயிலுக்குப் போகலாம். என் கணவருக்கு அதெல்லாம் பத்தாது. நகரத்தின் ஓரத்தில், ரூஜ் என்கிற பகுதியில் இருக்கிற எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணித்தியால ஓட்டத்தில், ஒரு வெள்ளைக்கார மூதாட்டியின் பண்ணையில் பழைய கொட்டில் ஒன்றை வாடகைக்கு எடுத்து ஏழு ஆடுகளை விட்டார். ஆறு பெட்டை மறி, ஒரு கிடாய்.

"ஊரிலை ஆடு வளத்தனாங்கள்தானே," என்றார்.

"ஊரிலை தண்ணி வைச்சால் அது தண்ணியாக் கிடக்கும். இஞ்சை கல்லாக் கிடக்கும். பாத்துக்கொண்டிருங்கோ," என்றேன்.

பண்ணைக்கார மூதாட்டியும் சொல்லித்தான் இருந்தாள். நவம்பர் வரை கிடாயைத் தனியே அடைத்து வையுங்கள், அப்போதுதான் குளிர் போனபிறகு குட்டி பிறக்கும் என்றாள். இவர் ஓம் ஓம் என்று தலையை ஆட்டிவிட்டு, பாவம் தனியக் கிடந்து கத்துது என்று ஆகஸ்ட் முடியுமுன்பே சேர்த்துவிட்டார். ஆட்டுக்கு ஐந்து மாதம். விரல் விட்டு எண்ணினால் யாருக்கும் தெரியும், ஜனவரி.

அந்த ஜனவரியில்தான் குளிர் எங்களைப் பிடித்துத் தின்றது. ஸ்னோ கொட்டினால்கூடப் பரவாயில்லை, வழித்துத் தள்ளலாம். இது வெறுங்குளிர். வானம் பளிச்சென்று நீலமாக இருக்கும், வெயிலும் எறிக்கும், வெளியே கால் வைத்தால் மூக்குக்குள் மயிர் ஒட்டிக்கொள்ளும். வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் ஓயாமல் ஓடியது. அப்படியும் முன்கதவுப் பூட்டின் உள்பக்கத்தில் வெண்பனி படிந்தது. கறிவேப்பிலைச் சாடியை யன்னலடியிலிருந்து தூக்கி வந்து சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, நாங்கள் இரண்டு பேரும் எங்களோடு இருக்கிற கடைக்குட்டி மகளும் அதைச் சுற்றிச் சுற்றி நடந்தோம். இதற்குள் இவர் வாசலில் ஐஸில் வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். கைக்குப் பிளாஸ்டர். அதனால் தினமும் காலையில் கார் ஓடிக்கொண்டு போவது, வாளிகளில் உறைந்த ஐஸைச் சுத்தியலால் உடைப்பது, சுடுதண்ணீர் ஊற்றுவது எல்லாம் என் தலையில் விழுந்தது. போகும்போதும் ஏசினேன், வரும்போதும் ஏசினேன்.

மைனஸ் முப்பது என்று ஃபோன் காட்டிய ஒரு காலை, பண்ணையிலிருந்து அந்த மூதாட்டி அழைத்தாள். உங்கள் ஆடு ஒன்று குட்டி போடத் தொடங்கிவிட்டது, எனக்கு மாட்டுக்குப் போகிற தண்ணீர்க் குழாய் உறைந்துவிட்டது, நான் அங்கே நிற்க முடியாது, உடனே வாருங்கள் என்றாள்.

இவர் ஒற்றைக் கையால் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நின்றார். நான் ஓடிப்போய் இரண்டு பெரிய சுடுதண்ணீர்ப் போத்தில்களை நிரப்பினேன். துவாய்கள் எடுத்தேன். சமையலறைத் தட்டிலிருந்து மஞ்சள்தூள் போத்திலையும் எடுத்துப் பைக்குள் வைத்தேன். யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பிள்ளைப்பேறு என்றால் சுடுதண்ணியும் மஞ்சளும். என் மூன்று பிள்ளைகளுக்கும் அப்படித்தான் வார்த்துக் குளிப்பாட்டியது. கை தானாகப் போய் எடுத்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஆடு இரண்டு குட்டி போட்டிருந்தது. ஒன்று வைக்கோலில் விறைத்துக் கிடந்தது. மற்றது உயிரோடு நடுங்கிக்கொண்டிருந்தது. உடம்பெல்லாம் சளி, கொழுப்பு, வைக்கோல் தூசி. தாய் அதன் முதுகை நக்கத் தொடங்கியிருந்தது. கொட்டிலுக்குள் சூட்டு விளக்குப் போட முடியாது. வைக்கோலில் நெருப்புப் பிடித்துவிடும் என்று பண்ணைக்காரி முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

நான் வாளிக்குள் சுடுதண்ணீரை ஊற்றி, மஞ்சளைக் கரைத்து, முழங்கையால் சூடு பார்த்தேன்.

"இஞ்சரும், பொறும்," என்றார் இவர். "தாய் நக்கட்டும். அது நக்கினால் காயும்."

"நீங்கள் சும்மா நில்லுங்கோ. மூண்டு பிள்ளை பெத்தவள் நான். இந்த ஊத்தையோடை கிடந்தால் குட்டிக்குக் குளிராதே?"

அவர் வாயை மூடிக்கொண்டார். முப்பத்திரண்டு வருடமாக நான் சத்தம் போட்டால் அவர் வாயை மூடிக்கொள்வார். அன்றைக்கு மட்டும் அவர் திருப்பிக் கத்தியிருக்கலாம்.

குட்டியைத் தாயிடமிருந்து தூக்கி வாளிக்குள் இறக்கினேன். சூடு பட்டவுடன் நடுக்கம் நின்றது. கண்ணை மூடிக்கொண்டு என் உள்ளங்கையில் தலையைச் சாய்த்தது. எனக்கு என்ன சந்தோசம்! "பாத்தீங்களே, சுகமாக் கிடக்குது," என்றேன். கழுத்து மடிப்பு, கமக்கட்டு எல்லாம் தேய்த்து, துவாயால் துடைத்துத் தாயின் முன்னால் விட்டேன்.

தாய் மோந்து பார்த்தது. இன்னொருதரம் மோந்தது. பிறகு தலையால் ஓர் இடி. குட்டி உருண்டு போய்ச் சுவரோடு விழுந்தது. நான் எடுத்து மறுபடி விட்டேன், மறுபடி இடித்தது. மஞ்சள் மணக்கிற இது தன் குட்டி என்று அதற்குத் தெரியவில்லை. திரும்பிப் போய், விறைத்துக் கிடந்த மற்றதை நக்கத் தொடங்கியது.

ஓடிப்போய்க் குட்டியைத் தூக்கினேன். அதற்குள் குட்டியின் மயிர் ஊசி ஊசியாகக் குத்திட்டு நின்றது. துடைத்த ஈரம் அப்படியே ஐஸாகியிருந்தது. காதைத் தொட்டேன், மட்டை மாதிரி இருந்தது. பண்ணைக்காரி குழாய் திருகுகிற குறடோடு உள்ளே வந்தவள், மஞ்சள் நிறக் குட்டியைப் பார்த்தாள், வாளியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வீட்டுக்குக் கொண்டுபோங்கள், இப்போதே, என்று மட்டும் சொன்னாள்.

அவள் தன் கையாலேயே குட்டி போட்டவுடன் சுரக்கிற கடும்புப் பால் கொஞ்சம் தாயில் கறந்து ஒரு சின்னப் போத்திலில் தந்தாள். இவர் குட்டியைத் தன் ஜாக்கெட்டுக்குள் வைத்து சிப்பை இழுத்துக்கொண்டார். நான் ஹீற்றரை முழுதாகத் திறந்துவிட்டுக் காரை ஓடினேன். வியர்த்துக் கொட்டியது. ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் "மூச்சு இருக்கே?" என்று கேட்டேன். "ஓம்," என்றார். கடைசி விளக்கில் கொஞ்சம் பிந்தித்தான் ஓம் வந்தது.

வீட்டில் கடைக்குட்டி மகள் நிலவறையில் லப்டொப்போடு வேலையில் இருந்தாள். உடுப்புத் தோய்க்கிற லோன்றி அறையில் ட்ரையரைப் போட்டு, துவாய்களைச் சூடாக்கிச் சூடாக்கிச் சுற்றினோம். மகள் மிருக வைத்தியருக்கு அழைத்து ஸ்பீக்கரில் போட்டாள். மெதுவாகச் சூடாக்குங்கள், விழுங்கத் தெரியும்வரை பால் பருக்காதீர்கள், ஏன் நனைத்தீர்கள் என்று அந்த வைத்தியப் பெண் கேட்டாள். நான் அடுத்த துவாயை எடுக்க ட்ரையரைத் திறந்தேன்.

"அம்மா, வை வுட் யூ வாஷ் இட்?" என்றாள் மகள். ஏசிக் கேட்கவில்லை. உண்மையாகவே விளங்காமல் கேட்டாள். அதுதான் எனக்குச் சுட்டது.

"உனக்கும் அப்பிடித்தான், பிள்ளை, வாத்தது," என்றேன்.

போத்தில் பால் சூடாறிப் போனது. நான் அதைத் திரும்பவும் சூடாக்கினேன், திரும்பவும் ஆறியது. குட்டி வாயைத் திறக்கவில்லை. நாக்கு சில்லென்று இருந்தது. செய்வதற்கு வேறு எதுவும் இல்லாமல் மூன்று பேரும் ட்ரையர் சுற்றுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிலத்தில் இருந்தோம். மத்தியானம் தாண்டி, யன்னலில் வெயில் நல்லாய் அடிக்கும்போது, அது காலை ஒருதரம் நீட்டியது. பிறகு நீட்டவில்லை. மகள்தான் முதலில் அழுதாள்.

புதைக்கவும் வழியில்லை. பின்வளவில் மண் இரும்பாகிக் கிடந்தது. மண்வெட்டி போட்டால் கைதான் உடையும். நான் நீட்டிய அரிசிப் பைக்குள் போட இவர் சம்மதிக்கவில்லை. துவாயோடேயே கராஜில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, சப்பாத்தைக் கழற்றாமல் படியில் இருந்தார்.

"ஏசுங்கோவன்," என்றேன். "வாயைத் திறந்து ஒரு ஏச்சு ஏசுங்கோ. ஆட்டைக் கொண்டந்தது நீங்கள்தான், கிடாயைச் சேத்ததும் நீங்கள்தான், ஆனால் குட்டியைக் கொன்றது நான்."

அவர் பிளாஸ்டர் கையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார்.

"பிள்ளைக்கு வாக்கிற மாதிரித்தானே வாத்தனீர்," என்றார் கடைசியில். பிறகு சொன்னார்: "இன்னொரு மறிக்கும் மடி இறங்கீட்டுது. நாளைக்கோ நாளண்டைக்கோ போட்டிடும். நீர்தான் கார் ஓடவேணும்."

"ஓம்."

"மஞ்சளை மட்டும் வீட்டிலை விட்டிட்டு வாரும்."

பையிலிருந்து மஞ்சள் போத்திலை எடுத்துத் தட்டில் வைத்தேன். அடுத்த நாள் காலையும் மைனஸ் முப்பதுதான். புறப்படும் அவசரத்தில் சுடுதண்ணீர்ப் போத்திலை நிரப்பிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால், என் மற்றக் கையில் மஞ்சள் போத்தில் இருந்தது.