பக்கத்து அறைக்குக் கேட்ட கிடார்

பிள்ளைப்பாக்கத்தில் வாடகை அறையில் தங்கி ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது கிடார் பழக ஆரம்பித்தேன். எனக்கு மதிய ஷிப்ட் என்பதால் காலை எட்டு மணிக்கே வாசிக்க உட்கார்ந்துவிடுவேன். இரண்டு மாதமாகியும் ஒரு பாட்டுகூட முழுதாக வரவில்லை. கிடாரை விற்றுவிடலாம் என்றிருந்தேன்.

ஒரு நாள் பக்கத்து அறை தேவி அக்கா கதவைத் தட்டினார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்து, "என் ரூம்ல நான் வாசிக்கேன், உங்களுக்கு என்ன?" என்று முந்திக்கொண்டேன்.

"அது இல்லமா. தெனம் ஒரே எடத்துல தடுக்குற. ஒடனே மொதல்லர்ந்து ஆரம்பிக்கிற. கம்பெனி லைன்ல ஒரு மிஷின் நின்னா அத்த மட்டுந்தானே பார்ப்போம்? அந்த எடத்த மட்டும் மெதுவா வாசிச்சா இன்னா?"

பல கம்பிகளைச் சேர்த்து அழுத்தும் சி கார்டிலிருந்து எஃப் கார்டுக்கு விரல் மாறும் இடம் அது. பத்து நாள் அதை மட்டும் மெதுவாகப் பழகினேன். பிறகு பாட்டு நிற்காமல் போனது.

அன்று காலையே தேவி அக்காவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். தூக்கக் கலக்கத்தோடு கதவைத் திறந்தவர் சிரித்தார். அப்போதுதான், "நீங்க எப்பக்கா தூங்குவீங்க?" என்று கேட்டேன்.

"நைட் ஷிப்ட் முட்ச்சிகினு ஏழு மணிக்கு வந்து படுப்பேன்."

மறுநாளிலிருந்து மொட்டை மாடிக்குப் போய் வாசித்தேன். கிடார் பழகுகிறவர்களிடம், தடுக்கும் இடத்தை மட்டும் மெதுவாக வாசியுங்கள் என்று இன்றும் சொல்கிறேன். அதைச் சொல்லித்தந்தவரின் தூக்கத்தை இரண்டு மாதம் கெடுத்ததை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.