காவடி இறகில் கட்டிய ஈ

பிரஷாந்தினிக்கும் அவள் புருஷனின் அக்கா தனுஷாவுக்கும் ஆகாது. ஏன் ஆகாது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள், இரண்டும் பொய்.

கிழமை முழுக்க லொங்குய் நகரில் ஒரு கார்டெரியில், அதுதான் பிள்ளைகள் காப்பகத்தில், பிள்ளைகளின் மூக்குத் துடைக்கிற பிரஷாந்தினி, ஞாயிறு விடிந்தால் இடுப்புவரை ரப்பர் காற்சட்டை மாட்டிக்கொண்டு லாசால் பக்கம் ஆற்றில் இறங்கிவிடுவாள். இலை பழுக்கும் காலத்தில் அங்கே ட்ரவுட் மீன் கரைக்கு வரும். புழு குத்துவதில்லை. தூண்டில் முள்ளில் நூலும் இறகும் சுற்றி, ஈயைப்போலக் கட்டி, தண்ணீரில் எறிவாள். பிடித்த மீனை முள் கழற்றி விட்டுவிடுவாள்.

"பிடிச்சால் குழம்பு வை, இல்லாட்டிச் சும்மா கிட. வாயைக் கிழிச்சுப்போட்டு விடுறதென்ன பகிடி?" என்பாள் தனுஷா.

"என்ரை கையிலை இண்டைவரைக்கும் ஒரு மீனும் சாகேல்லை, மச்சாள்." இதைச் சொல்லும்போது பிரஷாந்தினிக்குக் கழுத்து ஒரு முழம் நீளும். அவளுக்கென்று இருந்த ஒரே பெருமை அதுதான்.

தனுஷா இருப்பது சின்ன அப்பார்ட்மென்ட். அதனால் அவள் மகன் லக்ஷன் எடுக்கும் காவடி, திருவிழா முடிந்ததும் பிரஷாந்தினி வீட்டு பேஸ்மென்டுக்கு வந்துவிடும். ஈ கட்ட மயிலிறகு நல்ல சாமான். கடையிலும் கிடைக்கும். ஆனால் தனுஷாவின் காவடியிலிருந்து பிடுங்குவதில் ஒரு தனி ருசி, என்ன செய்ய!

கந்தசஷ்டி விரதத்தோடு காவடியைத் துடைக்க வந்தாள் தனுஷா. இறகெல்லாம் மொட்டையாகிக் கிடந்தது. பக்கத்து மேசையில் பச்சை பச்சையாக ஈக்கள். அவ்வளவுதான், காரை நேரே ஆற்றங்கரைக்கு விட்டாள்.

அந்த நேரம் பார்த்து பிரஷாந்தினியின் தூண்டிலில் சிக்கி, அவள் கைவலையில் முழங்கை நீள ட்ரவுட் ஒன்று துள்ளியது. மூன்று வருஷமாக அவளுக்குப் போக்குக் காட்டிய மீன். உதட்டில் மயிலிறகு ஈ மினுங்கியது.

"முருகன்ரை இறகைக் கொண்டுவந்து மீன்ரை வாயிலை வச்சிருக்கிறியே, மூதேசி! கழட்டித் தாடி!"

பிரஷாந்தினிக்குச் சுள்ளென்று ஏறியது. மீனைத் தண்ணீருக்கு வெளியே உயர்த்திப் பிடித்தாள்.

"வாங்கோ மச்சாள், நீங்களே கழட்டுங்கோ. விரதக்காரி தொட மாட்டியளோ?"

"உன்ரை கொழுப்புக்கு நீ நல்லாவே இருக்க மாட்டாய்!"

"உங்கடை குப்பையை வீட்டிலை வச்சிருக்கிறனே, அதுக்கு முதல் நன்றி சொல்லுங்கோ!"

பழைய கல்யாணப் பந்தி, பிள்ளைப்பேறு பார்க்க வராதது, கொழும்பிலிருந்து வந்த சேலை என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தது. கத்தக் கத்தப் பிரஷாந்தினியின் மீன் பிடித்த கை இன்னும் மேலே போயிற்று. மீனின் துள்ளல் நின்றதை அவள் கவனிக்கவேயில்லை.

கவனித்தபோது பதறிப்போனாள். முள்ளைக் கழற்றி, மீனை நீரோட்டத்துக்கு எதிராக இரண்டு கையாலும் பிடித்து அசைத்தாள். செவுள் விரியவில்லை. கையைத் தளர்த்தினால் வயிறு மேலே திரும்பியது. மறுபடி நிமிர்த்தினாள். மறுபடி திரும்பியது.

"ஐயோ, போயிடாதை, போயிடாதை..."

தனுஷா தண்ணீர் விளிம்புவரை இறங்கி வந்து எட்டிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "இதுக்கும் நான்தான் காரணம் எண்டு சொல்லுவாய், என்ன?"

அதைச் சொல்லத்தான் பிரஷாந்தினி வாயெடுத்திருந்தாள். செத்த மீன் அவள் கையில்தான் இருந்தது.