நாலு தட்டு, ஒரே ‘நேரமாச்சு கிளம்பு’

ஒரே ஒரு ஊரில் ஒரே ஒரு பாட்டு மட்டும் இருந்திருந்தால், மைக் செட் தொழிலைப்போல் சுகமான தொழில் உலகத்திலேயே இருந்திருக்காது. எழுபதுகளில் நான் வேலைக்குச் சேர்ந்த செங்கல்பட்டுக் கடையில் ‘நேரமாச்சு கிளம்பு’ என்று தொடங்கும் இசைத்தட்டே நாலு இருந்தது. ஒன்று, ஓடிப்போகும் காதலர்களின் டூயட். ஒன்று, செத்தவரை அனுப்பிவைக்கும் சோகம். ஒன்று, மலைக்குப் புறப்படும் பக்திப் பாட்டு. இன்னொன்று, போகாத விருந்தாளியை வீட்டுக்காரி விரட்டும் காமெடி. எண்ணெய்க் கை பட்டு லேபிள்கள் அழிந்துபோனதால், முதலாளி நாலிலும் காகிதம் ஒட்டி முதல் வரியை மட்டும் எழுதிவைத்திருந்தார். ஊசி தேயுமாம், கடையில் போட்டுப் பார்க்கவும் விடமாட்டார். மூன்று தரம் தட்டு மாறினால் வேலை போச்சு என்பது அவர் சட்டம். இந்தத் தொழிலில் அடிபட்ட சகோதரர்களே, மேலே நான் சொல்லவே வேண்டாம். ஆனாலும் சொல்கிறேன்.

மாப்பிள்ளை அழைப்பு

மாமல்லபுரத்தை ஒட்டிய குப்பத்தில் கல்யாணம். மாப்பிள்ளை காரில் ஏறும்போது டூயட் வேண்டும் என்றார்கள். போட்டேன். தென்னைமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் சங்கு ஊதியது. பின்னாலேயே சேகண்டி. டிரைவர் காரைவிட்டு இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகட்டி நின்றார்.

மாப்பிள்ளையின் தாய்மாமன் என்னிடம் வந்தார். கோபமே இல்லை, விசாரிப்பதுபோல் கேட்டார்: “தம்பி, நாங்க புள்ளைய பொண்ணு வூட்டுக்கு இட்டுகினு போறோம். நீ எங்க அனுப்புற?”

பால் காய்ச்சிய வீடு

சோகத் தட்டில் மஞ்சள் பெயின்டால் ஒரு பொட்டு வைத்தேன். இனி மூன்றுதான் குழப்பம் என்று தைரியம்.

டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் ஓர் என்ஜினியர் வீட்டில் பால் காய்ச்சினார்கள். பந்திக்கு இலை போடும் சமயம் பக்திப் பாட்டு கேட்டார். விழுந்தது காமெடி. ‘தின்ன வரைக்கும் போதும், மூட்டையக் கட்டு’ என்று குழாய் அலறியது. வந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். ஒரு மாதம் தங்குவதாக வந்திருந்த மாமியார், டிரங்குப் பெட்டியோடு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார். பின்னாலேயே என்ஜினியர் ஓடினார்.

அவர் மனைவி ஒரு டம்ளர் பாயசத்தோடு மெதுவாக என்னிடம் வந்தார்: “தம்பி, சத்தத்தைக் குறைச்சிடாதீங்க. பஸ் வர்ற வரைக்கும் ஓடட்டும்.”

ஊசிப் பாட்டு

காமெடிக்கும் பொட்டு வைத்தாயிற்று. மிச்சம் டூயட்டும் பக்தியும். எனக்கு மிச்சம் ஒரே ஒரு தப்பு.

குப்பத்தில் ஆடித் திருவிழா. முதலாளியும் கூட வந்திருந்தார். அங்கே அம்மனுக்கு மனசு வந்தால்தான் பல்லக்கு நகரும். அதுவரை தூக்கியவர்கள் முன்னும் பின்னும் அசைந்துகொண்டு நிற்கவேண்டியதுதான். போன வருஷம் உச்சிவெயில் வரைக்கும் நின்றார்களாம். ஊர்ப் பெரியவர் துண்டை வீசி, “சாமி பாட்டு போடுப்பா” என்றார்.

இந்தத் தரம் ஒரு வித்தை கற்றுவைத்திருந்தேன். ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டுத் தட்டைச் சுழலவிட்டால் ஊசியே கொசுபோலப் பாடும். காதை ஒட்டவைத்தால் எந்தப் பாட்டென்று தெரிந்துவிடும். வைத்தேன். அந்த நேரம் பார்த்துப் பம்பைக்காரர் என் தலைக்கு மேலேயே அடித்தார். ஒன்றும் கேட்கவில்லை. அம்மனையே நம்பிச் சத்தத்தைத் திறந்தேன்.

‘நேரமாச்சு கிளம்பு, எங்கப்பன் வர்றதுக்குள்ள’ என்று ஒரு பெண்குரல் கொஞ்சியது.

பம்பை நின்றது. முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என்னை நோக்கி வந்தார். அப்போதுதான் பல்லக்கு ஒரு துள்ளு துள்ளியது. அடுத்த நொடி, தூக்கியவர்களை இழுத்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் பறந்தது. ஊரே சிரிப்பும் குலவையுமாகப் பின்னால் ஓடியது.

பெரியவர் மட்டும் ஓடுகிற ஓட்டத்தில் திரும்பினார்: “அண்ணாத்த, பையன் மேல கை வெச்சிடாத. ஆத்தாளுக்கே புடிச்சிக்கீது, உனுக்கு இன்னா?”

முதலாளியும் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு அவர் பின்னால் நடந்துவிட, தட்டு மாறினால் வேலை போகும் என்கிற சட்டம் தெய்வத்துக்குப் பிடித்த தட்டுக்குச் செல்லாது என்பதை ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் தனியாக நின்று தெரிந்துகொண்டேன்.