ஆட்டுக்கொம்பு ஹாண்டில்

அறுபது தாண்டிய வயதில் ரேசிங் சைக்கிள் வாங்கிய சோமசேகரத்துக்கு மூளை பிசகிவிட்டது என்று கொக்குவிலில் சொல்லித் திரிகிறவர்கள், முதலில் கதிரவேலுவின் வாய்க்கு ஒரு பூட்டுப் போட்டிருக்கவேண்டும். அந்த மனுஷனைக் குனியவைத்ததே அந்த வாய்தான்.

சோமசேகரம் பஸ் டிப்போவில் கதிரையில் உட்கார்ந்தே உழைத்தவர். பென்சன் எடுத்த கையோடு சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, வந்து ஒட்டிக்கொண்டது.

"அடுத்த கிளினிக்குக்குள்ளை குறையாட்டில் ஊசிதான். காலமையிலை சைக்கிள் ஓடுங்கோ," என்றார் டொக்டர்.

ஊசியா? பள்ளிக்கூடத்தில் ஊசி போட வந்த அன்றைக்கே மதில் ஏறிக் குதித்து ஓடியவர் அவர். விடிந்ததும் பழைய சைக்கிளைத் துடைத்து வெளிக்கிட்டார். அதற்கு நேர் ஹாண்டில், நிமிர்ந்துதான் ஓடவேண்டும். நிமிர்ந்த முகத்தை முன்வீட்டுக் கதிரவேலு விடுவாரா?

"சேகரம், எங்கை வெளிக்கிட்டாச்சு?"

வெளிக்கிட்டுப் புறப்படுகிறவனிடம் எங்கே என்று கேட்கலாமா? 'தூரமோ?' என்றல்லவா கேட்கவேண்டும்! கதிரவேலுவுக்கும் அது தெரியும். கேட்டு முடித்த பிறகுதான் ஞாபகம் வரும். சகுனம் பிழைத்தால் திரும்பி வந்து, இருந்து, எதையாவது குடித்துவிட்டுப் போவதுதான் முறை. மனைவி இரத்தினம்மாவோ முறை தவறாதவள். தேத்தண்ணியும், கடிக்க இனிப்பாய்ப் பனங்கட்டியும் கொடுப்பாள். ஒரு கடி, ஒரு மிடறு, இன்னொரு கடி. அதற்குள் வெயில் ஏறிவிடும். சரி, நாளைக்குப் பார்ப்போம்.

இப்படிச் சைக்கிள் எடுத்ததில் சீனி ஏறியதுதான் மிச்சம்.

"சைக்கிள் ஓடுறியளோ?" என்று டொக்டர் முறைத்தார்.

"ஒவ்வொரு நாளும் வெளிக்கிடுறன், டொக்டர்."

அதில் ஒரு பொய்யும் இல்லையே! டொக்டர் கடைசித் தவணை ஒன்று கொடுத்தார்.

சோமசேகரம் நேரே மானிப்பாயில் றோயின் சைக்கிள் கடைக்குப் போனார்.

"ஐயா, உங்கடை முதுகுக்கு நேர் ஹாண்டில்தான் நல்லம்," என்றான் றோய். "நிமிர்ந்து இருந்து ரோட்டைப் பாக்கலாம், ஆக்களைப் பாக்கலாம்."

"ஆக்களைப் பாக்காத சாமான் ஏதும் இருக்கோ, தம்பி?"

றோய் உள்ளேயிருந்து ரேசிங் சைக்கிள் ஒன்றைக் கொண்டுவந்தான். ஹாண்டில் ஆட்டுக்கொம்புபோல் கீழே வளைந்திருந்தது.

"இதிலை குனிஞ்சால் முன்சில்லுத்தான் தெரியும். இடுப்பு, நாரி நொந்தால் வளைவை விட்டிட்டு மேலை பிடியுங்கோ. அப்ப இதுவும் நேர் ஹாண்டில் மாதிரித்தான்."

"நான் ஏன் மேலை பிடிக்கிறன்?" என்றார் சோமசேகரம்.

மறுநாள் காலை வாசல் கடந்து, கொம்பைப் பிடித்து, முதுகை வளைத்து, சைக்கிளை உருட்டிக்கொண்டு படலையைத் திறந்து வெளியே நடந்தார். கதிரவேலு ஒழுங்கையில் நின்றார். வருவது ஆர் என்று முகம் தெரியவில்லை. பாவம், அவரும் நாரியில் கையை ஊன்றிக் குனிந்து, கொம்புக்குக் கீழால் எட்டிப் பார்த்தார்.

"அட, சேகரமோ? எங்கை?"

குசினியில் கேத்தில் வைக்கிற சத்தம் கேட்டது. சோமசேகரம் நின்றார். மெல்ல நிமிர்ந்தார். கை தானாக ஏறி மேல்கம்பியைப் பிடித்தது.

"அண்ணை, இரத்தினம் தேத்தண்ணி வைக்கிறா. பனங்கட்டியும் இருக்கு. இண்டைக்கு நீங்கள் போய்க் குடியுங்கோ."

சொல்லிவிட்டுச் சைக்கிளில் காலைத் தூக்கிப் போட்டு மிதித்தார்.