தேயாத கியர்

அந்த மெக்கானிக்குக்கு ஊரில் 'இன்னொருசுத்து' என்று பெயர். யார் வைத்தார்களோ, பொருத்தமாகத்தான் வைத்திருந்தார்கள். எந்த போல்ட்டை முடுக்கினாலும் போதும் என்கிற இடத்தில் அவன் கை நிற்காது. மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னொரு சுற்று கொடுத்தால்தான் மனது ஆறும். வீட்டில் அவன் மூடிய குழாயை மனைவியால் திறக்க முடியாது. "எங்க வீட்ல தண்ணி வரணும்னா முதல்ல இந்த மனுஷன் வரணும்" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள்.

அன்று காலை அவனுடைய அக்கா வேனைக் கொண்டுவந்து பட்டறை வாசலில் நிறுத்தினாள். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைச் சலவைக்கும், அங்கிருந்து வார்டுக்கும் சுமக்கிற பழைய வேன். மாமா ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் போன பிறகு அக்காவே ஓட்டுகிறாள்.

"மேட்டுல ஏறமாட்டேங்குதுடா. இருமுது, முனகுது. நேத்து சிக்னல்ல ரெண்டு தடவ நின்னுடுச்சு. பின்னாடி இருந்தவன் ஹாரன்லயே என்னைத் திட்டினான்."

"நீயும் திட்டியிருப்பியே."

"அதுல குறை வைக்கல. ஆனா விரிப்பு லேட்டாயிடுச்சு. இன்னொரு தடவ லேட்டானா வேற வண்டி பாத்துக்கறோம்னு சூப்பர்வைசர் சொல்லிட்டார்."

பிளக், பாயிண்ட், வயர் எல்லாவற்றையும் பார்த்தான். எதிலும் குற்றமில்லை. டைமிங் லைட்டைப் பிடித்தான். அந்த வெளிச்சத்தில் புல்லியில் வெட்டிய குறி ஒரே இடத்தில் நிற்க வேண்டும். அது முன்னும் பின்னுமாகத் துள்ளியது. தீப்பொறி நேரம் தவறி விழுகிறது. இன்ஜினை அணைத்து, தீப்பொறியைப் பிரித்துக் கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி, உள்ளே சுற்றுகிற ரோட்டரை விரலால் அசைத்தான். விழப்போகிற பல்லைப் போல ஆடியது.

"அடியில இருக்கற கியர் தேஞ்சிருக்கும்க்கா."

"ஆயுசுக்கும் தேயாதுன்னு சொன்னியேடா?"

சொல்லியிருந்தான். மாமா இறந்த மூன்றாம் மாதம் இதே கியர் தேய்ந்துபோய் வேன் நட்டநடு ரோட்டில் நின்றுவிட்டது. வருகிற போகிற லாரிகளுக்கு நடுவே அக்கா மூன்று மணி நேரம் தனியாக நின்றாள். இனி எந்த ரோட்டிலும் அவளை அப்படி நிற்க விடக் கூடாது என்று, அசல் கியர் கடையில் கிடைத்தும் வாங்காமல், லேத்காரரிடம் உருக்கில் ஒன்று கடையச் சொன்னான்.

"இது ரொம்பக் கெட்டிப்பா" என்றார் லேத்காரர். "உள்ள இதோட சேந்து சுத்தற ஷாஃப்ட் இவ்வளவு கெட்டி இல்ல. யோசிச்சுக்க."

"நீங்க கடைஞ்சு குடுங்கண்ணே, மத்தத நான் பாத்துக்கறேன்" என்று சிரித்தான்.

இப்போது டிஸ்ட்ரிபியூட்டரை உருவி எடுத்துத் துடைத்தான். கியரில் ஒரு கீறல் இல்லை. நேற்றுக் கடைந்தது போலப் பளபளத்தது.

அக்கா எட்டிப் பார்த்தாள். "அட, புதுசு கணக்கா இருக்கே! அப்ப கோளாறு இதுல இல்ல, அப்படித்தானே?"

டார்ச்சை எடுத்து, டிஸ்ட்ரிபியூட்டர் இருந்த துளைக்குள் அடித்துப் பார்த்தான். கியரைச் சுற்றவைக்கிற கேம் ஷாஃப்ட்டின் பற்கள் பிளேடு விளிம்பாக மெலிந்து கிடந்தன. ஆயில் குச்சியை உருவி விரலில் தேய்த்தான். வெள்ளி மாதிரி மின்னும் இரும்புத்தூள் ஒட்டியது. இரண்டு வருஷமாக அரைபட்டது அதுதான்.

பழைய இரும்புக் கடைகளுக்கு ஒவ்வொன்றாக போன் போட்டு, அந்த ஷாஃப்ட் இருக்கிறதா என்று கேட்டான். அந்தக் காலத்து இன்ஜினா என்று ஒருவன் சிரித்தேவிட்டான். பற்றவைத்துக் கடைய முடியுமா என்று லேத்காரரைக் கேட்டான். சூட்டில் ஷாஃப்ட் கோணிக்கொள்ளும் என்றார். நான் அப்பவே சொன்னேனே என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

"நான்தான்க்கா கெடுத்துட்டேன்" என்றான். "கியர் தேயணும். தேஞ்சா மாத்திக்கலாம். நான் அதத் தேய விடல, அதனால உள்ள இருக்கறது தேஞ்சிடுச்சு. அது எங்கயும் கிடைக்கல."

"நேத்து வரைக்கும் ரெண்டு வருஷம் எங்கயும் நிக்கலயே" என்றாள் அக்கா. ஆறுதலா, குத்தலா, அவனுக்குத் தெரியவில்லை. "மாட்டுடா. வார்டுல காத்துக்கிட்டிருப்பாங்க. ஓடற வரைக்கும் ஓடட்டும்."

டிஸ்ட்ரிபியூட்டரை மாட்டி, துள்ளுகிற குறியின் நடுவாகப் பார்த்து டைமிங்கை வைத்தான். டூல்ஸ் பெட்டியை எடுத்துக்கொண்டு பக்கத்து சீட்டில் ஏறினான்.

"நீ எதுக்கு?"

"சும்மா."

மூன்று சிக்னல் தாண்டியது. மேம்பாலத்தின் ஏற்றத்தில் இருமியது, ஒருமுறை குலுங்கியது, நின்றது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, அக்காவை ஸ்டார்ட்டர் போடச் சொன்னான். இன்ஜின் சுற்றியது, ரோட்டர் அசையவில்லை. ஷாஃப்ட்டின் கடைசிப் பல்லும் போய்விட்டது.

அக்காவின் போன் அடித்தது. சூப்பர்வைசர். "சரிங்க சார்... புரியுது சார்... நாளையில இருந்து அந்த வேற வண்டிக்காரங்களையே சரக்க எடுத்துக்கச் சொல்லிடுங்க" என்று சொல்லி வைத்தாள். பின்னால் மடித்த விரிப்புகள் கூரை வரை அடுக்கியிருந்தன. லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு விலகிப் போயின. யாரையும் அவள் திட்டவில்லை.

அவன் பானெட்டை இறக்கி மூடினான். கையை அதன் மேல் வைத்து, பழக்கதோஷம், மறுபடி அழுத்தினான். மறுபடியும் அழுத்தினான்.

"போதும்டா" என்றாள் அக்கா. "மூடிடுச்சு."