டவுனுக்குக் குடிபோன கெஸ்கே

கெஸ்கே மெய்ன்டர்ஸ் தனக்கென்று சாமியிடம் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். மாமியார் ஃபோஸ்கேயைப் போல ஆகிவிடக் கூடாது.

ஜெர்மனிக் கடலோரத்திலிருந்து அமெரிக்காவுக்கு வந்து அயோவாவில் குடியேறிய எங்கள் ஃப்ரீசியர் சனத்துக்கு ஒரு முறை உண்டு. பண்ணையை ஏற்கிற மகனுக்குக் கல்யாணம் ஆனதும் பெரியவர்கள் டவுனில் ஒரு சின்ன வீடாகப் பார்த்துக்கொண்டு போய்விட வேண்டும். ஒரு அடுப்புக்கு இரண்டு பெண்கள் ஆகாது. ஃபோஸ்கே மட்டும் போகவில்லை. புருஷன் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிட்டதால் அவளைக் கிளம்பச் சொல்ல ஆளில்லை. அந்தச் சமையலறைக்கு கெஸ்கே மருமகளாக வந்தாள்.

ஓடைக்குத் தெற்கே இருந்த பண்ணையின் மூத்த பெண் அவள். தாய் இல்லாத வீட்டில் தம்பி தங்கைகளை ஆளாக்கியவள், பன்றி அறுத்து சாசேஜ் போடுவது வரை எல்லாம் தெரியும். தெரிந்து என்ன? மாவு பிசைந்தாலும் சரி, கொடியில் காலுறை காயப்போட்டாலும் சரி, ஃபோஸ்கே பின்னால் வந்து நிற்பாள். கையிலிருப்பதை மெதுவாக வாங்கிக்கொள்வாள்.

"இந்த வீட்டுல அப்படிச் செய்யறதில்ல."

திட்டவே மாட்டாள். அந்த ஒரு வாக்கியம்தான். கெஸ்கே கோழிக்கூண்டுக்குப் போய்க் கோழிகளிடம் கொட்டித் தீர்ப்பாள். ஃபோஸ்கேயின் குணம் முழுசாகத் தெரிந்தது அந்தக் கோழிகளுக்குத்தான். புருஷன் ஹார்ம் நல்லவன், ஆனால் வாய் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயப்படுகிற ஆள். பெண்டாட்டி மேல் பாசம் பொங்கினால் போய்க் குழாயடி பம்பை ரிப்பேர் செய்வான். கடைசியில் ஃபோஸ்கேயைப் பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போன பிறகுதான் அந்த அடுப்பு கெஸ்கேயின் கைக்கு வந்தது. அப்போது அவளுக்கே முன்தலை நரைத்திருந்தது.

நடுவில் எவ்வளவோ நடந்தது. ஆலங்கட்டி மழை சோளம் முழுவதையும் தரையோடு தரையாக அடித்துப் போட்டது. நாலு வயது ஹில்காவைக் கக்குவான் கொண்டுபோனது. மற்ற பிள்ளைகள் தப்பி வளர்ந்து, ஒருவன் மின்னசோட்டா, பெண்கள் கட்டிக் கொடுத்த இடம் என்று பரவிப் போனார்கள். கடைக்குட்டி எய்ல்ட்தான் மண்ணோடு நின்றான்.

அவன் கட்டிக்கொண்டு வந்தது மோரினை. ஐரிஷ்காரி, அதிலும் கத்தோலிக்கப் பெண். எங்கள் புராட்டஸ்டன்ட் தேவாலயத்தில் மூன்று ஞாயிறு வேறு பேச்சே இல்லை. முதல் தடவை மாமியார் வீட்டுத் தேநீருக்கு உட்கார்ந்தாள். கற்கண்டும் பாலேடும் போட்ட கறுப்புத் தேநீர். போதும் என்றால் கரண்டியைக் கோப்பைக்குள் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஊற்றிக்கொண்டேதான் இருப்போம். அது தெரியாமல் பாவம், மரியாதைக்கு ஏழு கோப்பை குடித்துவிட்டாள்.

"எய்ல்ட்டு, உங்க வீட்டுல பொண்ணக் கல்யாணம் பண்ணுவீங்களா, முக்கிக் கொல்லுவீங்களா?" என்றாள். கெஸ்கேக்கு அந்த நிமிஷமே அவளைப் பிடித்துவிட்டது.

முறைப்படி ஹார்ம் டவுனில், தேவாலயத்துக்கு அடுத்த தெருவில், வெள்ளை வீடு ஒன்றை வாங்கிப் போட்டான். விதைப்பு முடிந்ததும் போவதாகப் பேச்சு. விதைப்பின்போதே அவன் வயலில் விழுந்துவிட்டான். உயிர் போன பின்னும் டிராக்டர் உறுமிக்கொண்டு நின்றது.

எங்கள் சனத்தின் குணம் உங்களுக்குத் தெரியாது. வீடு பற்றி எரிந்தாலும் உள்ளே உட்கார்ந்து, "கொஞ்சம் வெக்கையாத்தான் இருக்கு" என்போம். அம்மாவிடம் இப்போது போய் வீட்டை எப்படிக் கேட்பது என்று எய்ல்ட் இருந்துவிட்டான். அப்பா இல்லாத பண்ணையில் மகனைத் தனியே விட்டு எப்படிப் போவது என்று கெஸ்கே இருந்துவிட்டாள். எய்ல்ட்டும் மோரினும் தோப்புக்கு அந்தப் பக்கம் தகர வீட்டில் குடித்தனம் நடத்தினார்கள். குளிர்காலத்தில் காற்று அதை டப்பா மாதிரி உலுக்கும். அதிலேயே இரண்டு பிள்ளைகள் பிறந்தன. டவுன் வீட்டில் யாரோ வாடகைக்கு இருந்தார்கள். ஒன்பது வருஷம் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

ஆகஸ்டில் சோளம் பதப்படுத்தும் நாள் வந்தது. இனிப்புச் சோளத்தை உரித்து, வெந்நீரில் முக்கி, மணியைச் சீவிப் பையில் போட்டுக் குளிர்பெட்டியில் அடுக்குவது பெரிய வீட்டுச் சமையலறையில்தான். கெஸ்கே கதிரை நிறுத்திப் பிடித்து மேலிருந்து கீழே ஒரே இழுப்பாகச் சீவுவாள். மோரின் அன்று நடுவில் குழல் வைத்த கேக் பாத்திரம் ஒன்று கொண்டுவந்தாள். குழல் வாயில் கதிரைக் குத்தி நிறுத்திச் சீவினால் மணியெல்லாம் பாத்திரத்துக்குள்ளேயே விழும்.

கெஸ்கே எழுந்து போனாள். மருமகள் கையிலிருந்து கத்தியை மெதுவாக வாங்கினாள்.

"இந்த வீட்டுல அப்படிச் செய்யறதில்ல."

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. குரல்கூட ஃபோஸ்கேயின் குரல்தான். மோரின் கதவைப் பார்த்தாள். எந்தக் கோழிக்கூண்டுக்குப் போகப் போகிறாளோ என்று கெஸ்கேக்குத் தோன்றியது. கத்தியை மேசைமேல் வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"நான் டவுனுக்குக் குடிபோறேன்."

கூடை தூக்கிவந்த எய்ல்ட் அப்படியே நின்றான். "யாரும்மா உன்னை என்ன சொன்னாங்க?"

"ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலடா. அதான் கேடு."

"ஒரு வார்த்தைக்காகவா அத்தை?" என்றாள் மோரின். "கத்திதானே, நீங்களே வச்சுக்கங்க."

"உனக்கு இந்த வீடு வேணாமா? நெஜத்தச் சொல்லு."

மோரினுக்குக் கண் நிறைந்துவிட்டது. "வேணாமா? அந்தத் தகர டப்பாவுல ஒம்பது குளிர்காலம் இருந்து பாருங்க, தெரியும். ஆனா நீங்க போனா ஊரு என்ன சொல்லும்? கத்தோலிக்கக்காரி வந்தா, கெழவியத் தொரத்திட்டான்னு சொல்லும். என் புள்ளைங்க காதுல அது விழணுமா? வேணாம், இருங்க."

கெஸ்கே கத்தியை மோரின் பக்கம் தள்ளிவிட்டு மகனிடம் திரும்பினாள். "வாடகைக்காரங்க காலி பண்ணட்டும். ஒரு சனிக்கிழமை பாத்து டிராக்டரக் குடு. யாரும் என்கூட வரக் கூடாது."

சனிக்கிழமைதான் பண்ணைக்காரர்கள் எல்லாம் டவுனில் இருப்பார்கள். வைக்கோல் வண்டியில் கட்டில், பீரோ, ஹார்மின் நாற்காலி எல்லாம் ஏற்றி, அறுபத்தேழு வயதில் கெஸ்கே தானே டிராக்டர் ஓட்டிக்கொண்டு போனாள். பின்தெரு வழியே போயிருக்கலாம். கடைத்தெரு நடுவே போனாள். தானியக் கிடங்கு வாசலில் ஆம்பிளைகள் கூடியிருந்த இடத்தில் வண்டியை நிறுத்தினாள்.

கிடங்குக்கார ஹின்ரிக் விடுவானா? "என்ன கெஸ்கே அக்கா, மருமக வெரட்டிட்டாளா?"

"அவ இருங்கன்னு கையப் புடிச்சு இழுத்தா, நான்தான் உதறிட்டு வந்தேன். எங்க மாமியா சாகற வரைக்கும் அடுப்ப விடல, நான் உசுரோட விட்டுட்டேன். போய் உன் பொண்டாட்டிகிட்டச் சொல்லுடா. பொழுது சாயறதுக்குள்ள ஊரு பூரா அவளே சொல்லிடுவா, எனக்கு அலைச்சல் மிச்சம்."

அப்படியே நடந்தது. மறுநாள் எய்ல்ட்டோடு எங்கள் தேவாலயத்துக்கு வந்த மோரினை ஒருத்தியும் ஒரு மாதிரி பார்க்கவில்லை. "அந்தக் கெழவி பிடிவாதத்த நீ எப்படித்தான் தாங்கினியோ?" என்று கையைப் பிடித்துப் பரிதாபப்பட்டார்கள்.

அதற்குப் பிறகும் கெஸ்கே வெகுகாலம் இருந்தாள். கொள்ளுப்பேரன் ஞானஸ்நானம் வரை பார்த்தாள். கல்யாணமோ சாவோ, யார் எங்கே உட்காருவது என்பதை மெய்ன்டர்ஸ் குடும்பத்தில் அவள்தான் சொல்லுவாள்.

ஆனால் டவுனுக்குப் போன அடுத்த ஆகஸ்டில், சோளம் சீவும் நாளன்று, நாற்பத்தேழு வருஷம் நடமாடிய சமையலறையின் வாசலில் வந்து நின்று கதவைத் தட்டினாள். எங்கள் பக்கம் சொந்தக்காரர்கள் கதவு தட்டுகிற வழக்கம் கிடையாது. மோரின் ஈரக் கையோடு ஓடி வந்தாள்.

"என்ன அத்தை, யாரோ சாமான் விக்க வந்தவங்க மாதிரி?"

கெஸ்கே சமையல் ஏப்ரனை இடுப்பில் கட்டிக்கொண்டே கேட்டாள்: "நான் எங்க உக்காரட்டும்?"

மோரின் இடம் காட்டினாள். கேக் பாத்திரம் ஒன்றையும் அவள் முன்னால் வைத்தாள்.