ராசாவின் வலக்கை

என் தாய்மாமன் ராயபுரத்தில் பனியன் கம்பெனி வைத்திருந்தார். அவிநாசிப் பக்கம் எங்கள் குலக் கோயிலில் ஒரு ராசாவும் அவர் தம்பியும் கல்லாக நிற்கிறார்கள். அந்த ராசாவையே பனியன் பெட்டியின் லேபிளில் போட மாமா ஆசைப்பட்டார். அச்சுக்கட்டை செதுக்கியவர் படத்தை இடவலம் திருப்பிச் செதுக்க மறந்துவிட்டார். கல்லில் வலக்கையிலிருந்த வாள் லேபிளில் இடக்கைக்குப் போயிற்று. மாமா கவனிப்பதற்குள் கட்டுக்கட்டாக அச்சாகிவிட்டது.

"உங்க ராசா என்னடா, பீச்சாங்கையில வாளப் புடிச்சிருக்கறாரு?" என்று பள்ளியில் பையன்கள் சிரித்தார்கள்.

படத்தில் மற்றக் கை முதுகுக்குப் பின்னால் மறைந்திருந்தது எனக்கு வசதியாயிற்று. "சோத்தாங்கையச் சண்டையில வெட்டிப்போட்டாங்கடா. அப்பவும் உடாம இந்தக் கையில சண்டை போட்டாரு" என்றேன். சில மாதங்களில் அந்தக் கதையை மாமாவே வியாபாரிகளிடம் சொல்லத் தொடங்கினார். நான் திருத்தவில்லை.

திருவிழாவுக்கு ராசா கதை பாட, குண்டடத்திலிருந்து உடுக்கைக்காரர் ஒருவர் வருவார். அவ்வருடம் ராசா வலக்கையில் வாளெடுத்த இடம் வந்ததும் கூட்டத்தில் ஒருவர் எழுந்தார்.

"நிறுத்துங்க சாமி! ராசாவுக்கு ஏதுங்க அந்தக் கை? பெட்டியிலயே போட்டிருக்குதுங்களே!"

ஒரே சிரிப்பு. கதை தெரியாதவரை அடுத்த வருடம் எதற்கு அழைப்பது என்று கோயில்காரர்கள் முணுமுணுத்தார்கள். அந்தப் பாட்டுத்தான் அவருக்குச் சோறு. அவர் கல்லைக் காட்டினார். எண்ணெயும் மஞ்சளும் படிந்து, கையே தெரியவில்லை. பிறகு முன்வரிசையில் இருந்த என்னைப் பார்த்தார்.

"படிக்கிற பையன் நீ சொல்லு கண்ணு. எந்தக் கை?"

பக்கத்தில் மாமா இருந்தார். "பீச்சாங்கைதானுங்க" என்றேன். அவர் வாளை இடக்கைக்கு மாற்றிப் பாடி முடித்தார்.

அடுத்த வருடமும் அவரே வந்தார். பாடுவதற்கு முன் என்னைத் தனியே அழைத்து, "ஏஞ்சாமி, கைய வெட்டுனது ஆருன்னு நீ சொல்லவேயில்லியே?" என்று கேட்டார்.

"கூடப் பொறந்த தம்பிதானுங்க."

அப்படியே பாடினார். பெண்கள் தேம்பி அழுதார்கள். நானும் அழுதேன். அதற்குப் பிறகு தம்பியின் கல்லுக்கு யாரும் எண்ணெய் வைக்கவில்லை.

பின்னாளில் நான் சரித்திர வாத்தியாரானேன். கோயிலில் இப்போது ஒற்றைக்கை ராசா சிமெண்டில் நிற்கிறார். தம்பியின் கல் மதிலோரம் கிடக்கிறது. ஆயுள் முழுக்க அந்தக் கதையைப் பாடியவர் ஒரு சிறுவனிடம் வந்து ஏன் அப்படிக் கேட்டார் என்று அன்று நான் யோசிக்கவில்லை. பாவம், இவருக்கு இதுகூடத் தெரியவில்லையே என்றுதான் நினைத்தேன்.